நடுவில் ஆள் இல்லாத கல்யாணம்

தம்பி,

இந்தக் கடிதத்தை உன் கோலாலம்பூர் முகவரிக்கு அனுப்பாமல் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன் என்று தெரிந்ததும் உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "வீட்டு விசயத்த ஊருக்கெல்லாம் படிச்சிக் காட்டணுமா?" என்று கேட்டாள். காரணம் இருக்கிறது. எதுவும் ஒரே ஆளிடம் போய்த் தேங்கக் கூடாது, யாருக்குப் போக வேண்டுமோ அவருக்கு நேராகப் போக வேண்டும் என்று எனக்குப் பாடம் எடுத்தவன் நீ. இதில் வரப்போகிற சமையல்கார வீரப்பனும், பஸ் சேகரும், மாலை கட்டும் காமாட்சியும் உன்னோடு சேர்ந்தே இதைப் படிக்கட்டும். அவர்கள் மூவர் மீதும் எனக்குப் பொறாமை. உன் மீதும் பொறாமை. நீ வேலை செய்கிறாயே அந்தக் கம்ப்யூட்டர் முறை, அதன் மீது எல்லாவற்றையும் விடப் பொறாமை. அறுபதை நெருங்குகிற வயதில் இப்படி எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. எழுதாமல் வைத்திருந்தால் வயிறு எரிகிறது.

அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். போன வாரம் போன் செய்து, "அப்பா, நீங்க ஒன்னும் செய்ய வேணாம். சமையலு, பஸ்ஸு, மாலை எல்லாம் அவங்களுக்குள்ளயே பேசிக்கிட்டாங்க. நீங்க வந்து ஒக்காந்தா போதும் லா" என்றாய். அன்பாகத்தான் சொன்னாய். நானும் "சரிப்பா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. வாழ்நாளில் எத்தனையோ கல்யாணங்களுக்குப் போயிருக்கிறேன், ஒன்றில்கூட நான் வந்து உட்கார்ந்ததில்லை. எப்படி உட்காருவது என்று எனக்குத் தெரியாது. உன் தங்கையின் கல்யாணத்தில் உட்கார்ந்து பார்த்தேன், அது எப்படி முடிந்தது என்று உனக்கு இன்னும் சொல்லவில்லை.

நம் வீட்டுக்குத் தெரிந்த கதைதான் என்றாலும் மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். அலோர் காஜா பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கிராணியாக இருந்தேன். பேர் பதிவதும் சம்பளக் கணக்கு எழுதுவதும் வேலை. தோட்டத்தில் போன் இருந்த ஒரே இடம் எங்கள் ஆபீஸ். அதனால் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும், "கிராணி ஐயா, மேளத்துக்கு ஒரு போன் போட்டுக் கொடுங்க" என்று வந்து நிற்பார்கள். மேளத்துக்குப் போட்டவன் சமையலுக்கும் போட்டேன். சமையலுக்குப் போட்டவன் பஸ்ஸுக்கும் போட்டேன். அப்படித்தான் தொடங்கியது. பிறகு தோட்டம் துண்டு துண்டாக விற்றுப்போய் அங்கே தாமான் என்கிற குடியிருப்பு வீடுகள் எழும்பின. நான் சுங்கை ஊடாங்கில் ஒரு குத்தகைக்காரரிடம் லாரிகளை வேலைக்கு அனுப்பும் பிரிவில் சேர்ந்தேன். ஆனால் கல்யாணங்கள் என்னை விடவில்லை. சம்பளம் கிடையாது, நான் கேட்டதும் கிடையாது. எனக்குக் கிடைத்தது வேறு. மலாக்காவில் எந்த வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்தாலும், உட்கார்ந்திருப்பவர்களில் யாராவது ஒருவர், "அண்ணன்கிட்ட சொல்லியாச்சா?" என்று கேட்பார். அந்த அண்ணன் நான்தான்.

கல்யாணத்தில் தனியாக ஒரு வேலையும் கிடையாது. எல்லாம் ஒன்றோடொன்று கட்டிக்கொண்டுதான் கிடக்கும். மாப்பிள்ளை வீட்டார் வருவது கிலாங் பஸ்ஸில். வாரநாளில் தொழிற்சாலைப் பெண்களை ஏற்றி இறக்குகிற பஸ், ஞாயிற்றுக்கிழமை சும்மா நிற்கும் என்பதால் அதைத்தான் பிடிப்போம். அந்த பஸ் எப்போது வருகிறதோ அதை வைத்துத்தான் வடை எண்ணெயில் விழ வேண்டும். முன்னாலேயே போட்டால் சவசவவென்று ஆகிவிடும். மாலை ஐஸ் பெட்டியிலிருந்து வெளியே வருவதும், மேளக்காரர் எழுந்து உட்காருவதும், குருக்கள் மந்திரத்தை இழுப்பதும் முடிப்பதும், எல்லாம் அந்த பஸ்ஸைப் பார்த்துத்தான். எல்லோரும் என்னிடம் சொல்வார்கள். நான் எல்லோருக்கும் சொல்வேன். நம் வீட்டுப் போன் வெள்ளிக்கிழமை தொடங்கினால் ஞாயிறு மத்தியானம் வரை ஓயாது. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது போனை எடுத்ததும், "அப்பா குளிக்கிறாரு, நீங்க சோறா, பஸ்ஸா?" என்று கேட்பாய். வீரப்பன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். தன் பேரையே மறந்து, "சோறு பேசுறேன் அண்ணே" என்றுதான் கூப்பிடுவான்.

அவர்கள் எல்லோரும் ஒரே கல்யாணங்களில்தான் வருடக்கணக்காக வேலை செய்தார்கள். ஆனாலும் வீரப்பனுக்குச் சேகரின் வீடு எங்கே என்று தெரியாது. சேகரிடம் காமாட்சியின் போன் நம்பர் கிடையாது. மண்டபத்தில் பார்த்தால் ஒருவருக்கொருவர் தலையை ஆட்டிக்கொள்வார்கள், அவ்வளவுதான். எல்லா வழியும் என் வழியாகப் போனதால் அவர்களுக்குள் வழி தேவைப்படவில்லை. அதில் என் சாமர்த்தியமும் கொஞ்சம் உண்டு என்று உன் அம்மா சொல்வாள். இருக்கட்டுமே. ஒரு ஆள் நடுவில் இருந்தால்தான் குழப்பம் வராது என்று நான் நம்பினேன். இப்போதும் பாதி நம்புகிறேன்.

நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு சனிக்கிழமை மஸ்ஜித் தானாவில் தமிழ் முஸ்லிம் நடத்தும் மாமாக் கடையில் உட்கார்ந்து ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அப்படி என்னதான் வேலை செய்கிறாய் என்று கேட்டேன். நீ இரண்டு தே தாரிக் டீ கிளாஸையும் சாம்பார்க் கிண்ணத்தையும் நகர்த்தி வைத்துக்கொண்டு சொன்னாய். "இப்ப ஒரு ஆளு வெளியூரு போகணும்பா. பிளேன் டிக்கெட் ஒரு கம்பெனி கம்ப்யூட்டர்ல இருக்கு. ஹோட்டல் ரூம் இன்னொரு எடத்துல. கார் வேற எடத்துல. மூனையும் சேத்து ஒரே வேலையா முடிச்சிக் கொடுக்கணும். இது வரைக்கும் எப்படின்னா, நடுவுல ஒரு கம்ப்யூட்டர் ஒக்காந்துக்கும். அதுதான் எல்லாரையும் கேக்கும், எல்லாருக்கும் சொல்லும்."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நம் பிள்ளை நம் வேலையைத்தான் கம்ப்யூட்டரில் செய்கிறான் என்று நினைத்தேன். "அப்ப அந்த நடு ஆள செய்யறதுதான் ஒன் வேலையா?" என்று கேட்டேன்.

"இல்லப்பா. நடு ஆள எடுக்கறதுதான் எங்க வேல." சாம்பார்க் கிண்ணத்தை எடுத்துப் பக்கத்து மேசையில் வைத்தாய். "அது படுத்துட்டா எல்லாம் படுத்துரும். கூட்டம் வந்தா அதுகிட்டயே எல்லாம் லைன் கட்டி நிக்கும். அதனால அடுத்து யாரு, என்ன செய்யணுங்கற விவரத்த வேலையோடவே சேத்து அனுப்பிர்றோம். பிளேன் வேலை முடிஞ்சா அதுவே ஹோட்டலுக்கு நேரா சொல்லும். ஹோட்டல் முடிச்சா காருக்குச் சொல்லும்."

"ரூம் இல்லன்னா?"

"ஹோட்டலே பிளேனுக்குத் திருப்பிச் சொல்லும், டிக்கெட்ட கேன்சல் பண்ணிருன்னு. அவங்கவங்க செஞ்சத அவங்கவங்களே அவுத்துக்குவாங்க."

"யாருகிட்டயும் கேக்காமயா?"

"யாருகிட்டயும் கேக்காம."

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சா யாருக்கு நன்றி சொல்றது?"

நீ சிரித்தாய். "கம்ப்யூட்டருக்கு யாருப்பா நன்றி சொல்லுவா?" என்றாய். நான் பக்கத்து மேசைக்குப் போய் அந்தச் சாம்பார்க் கிண்ணத்தை எடுத்துவந்து நம் மேசையில் நடுவில் வைத்தேன். ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளத்தான் எடுத்தேன் என்று நீ நினைத்திருப்பாய்.

போன வருடம் உன் தங்கை கல்யாணத்துக்குச் சில வாரங்களே இருந்தபோது எனக்கு நெஞ்சு வலி வந்து மலாக்கா ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். வீட்டில் போன் அடித்துக்கொண்டே இருந்ததாம். உன் அம்மாவுக்கு யாருக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. சேகர் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு கல்யாணத்தை ஒத்துக்கொள்ளவிருந்தான். வீரப்பன் தேதி தள்ளிப்போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டான். எல்லாம் என் மண்டைக்குள் இருந்தது, மண்டையோ ஆக்ஸிஜன் குழாயோடு கட்டிலில் கிடந்தது. நீ லீவு போட்டு ஓடி வந்தாய். ஒவ்வொருவர் வீட்டுக்கும் காரில் போனாய். போய் இரண்டே கேள்வி கேட்டாயாம். "ஒங்களுக்கு முன்னால யாரு வேல முடியணும், ஒங்களுக்கு அப்பறம் யாரு காத்துக்கிட்டு இருப்பாங்க?" பதில் வந்ததும் அந்த ஆளின் வீட்டுக்கே இவரைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தாய். சமையலைப் பஸ்ஸிடம் கொண்டுபோனாய். மாலையைச் சமையலிடம் கொண்டுபோனாய். மேளத்தையும் குருக்களையும் மாலையிடம் கொண்டுபோனாய். உனக்கு ஒரு போன்கூட வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாய். அதுதான் எனக்கு இன்றுவரை விளங்காத விஷயம். என் இடத்தை நீ எடுத்துக்கொண்டிருந்தால் நான் உன் மீது மட்டும் பொறாமைப்பட்டுவிட்டுப் போயிருப்பேன். மகன்தானே என்று ஆறியும் இருப்பேன். நீ அந்த இடத்தில் யாரையுமே உட்கார வைக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு எல்லோரும் பார்க்க வந்தார்கள். மைலோ டின்னும் ஆரஞ்சும் கட்டிலுக்கடியில் நிறைந்துவிட்டன. எல்லோரும் உடம்பைப் பற்றியே கேட்டார்கள், பஸ்ஸைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ஒரு மாலை வீரப்பனும் சேகரும் ஒரே காரில் வந்து இறங்கினார்கள். அவர்கள் இருவரையும் சேர்த்து நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. சேகர் ஏதோ பாதிச் சொல்லை ஆரம்பித்தான், வீரப்பன் மீதியை முடித்தான், இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்ன என்று கேட்டேன். "அது ஒன்னும் இல்ல அண்ணே, அன்னிக்கி இவரு வீட்டுல சாப்பிட்டப்ப ஒரு கூத்து" என்றான் சேகர். வீரப்பனோடு எனக்கு எத்தனை வருடப் பழக்கம், என்னை ஒருநாள்கூடச் சாப்பிடக் கூப்பிட்டதில்லை. நர்ஸ் வந்து ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, பார்க்க வந்தவர்களை வெளியே போகச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்த பிறகு நான் செய்த ஒரு வேலையை நீ அறியமாட்டாய். சும்மா இருக்க முடியாமல் வீரப்பனுக்குப் போன் போட்டேன். "வீரா, கல்யாணத்தன்னிக்கி ஒலைய கொஞ்சம் முன்னாலயே வச்சிரு" என்றேன். தேவையே இல்லாத பேச்சு. நான் சொன்னால் நடக்கிறதா என்று பார்க்கத்தான். பழைய வீரப்பன் என்றால், "சரி அண்ணே" என்பதற்கு மேல் ஒரு சொல் வராது. இப்போது கொஞ்சம் தயங்கி, ரொம்ப மரியாதையாக, "சேகர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன் அண்ணே" என்றான். போன் என் கையில் கனத்தது. தன் பெண்டாட்டி வேறொருவன் பேச்சைக் கேட்கிறாள் என்றால் ஒருவனுக்கு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது எனக்கு. ஒரு சமையல்காரனுக்காக இப்படியா என்று நீ சிரிக்கலாம், சிரித்துக்கொள்.

கல்யாணத்தன்று காலையில் மண்டபத்துக்குப் பக்கத்திலிருந்த பிள்ளையார் முன்னால் நின்று நான் வேண்டிக்கொண்டதை இப்போது சொல்கிறேன். உன் அம்மா பக்கத்தில் நின்று, எந்தக் குறையும் இல்லாமல் நடக்க வேண்டும் என்று வாய்விட்டு வேண்டினாள். நான் மனசுக்குள், ஏதாவது ஒன்று தவற வேண்டும் என்று வேண்டினேன். பெரிதாக வேண்டாம். பாயசம் அடிபிடிப்பது மாதிரி, மைக் வேலை செய்யாதது மாதிரி ஒன்று. வீரப்பன் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து, "அண்ணே, நீங்கதான் ஏதாச்சும் சொல்லணும்" என்று நிற்க வேண்டும். பெற்ற மகளின் கல்யாணத்தில் ஒரு தகப்பன் கேட்ட வரம் இது.

கேட்டது கிடைத்தது. மாப்பிள்ளை காரில் முன்னால் வந்துவிட்டார். அவருடைய அம்மாவும் சொந்தக்காரர்களும் சுங்கை ரம்பாயிலிருந்து சேகரின் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்கள். வழியில் மெர்லிமாவ் பக்கம் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே கவிழ்ந்து பாதை அடைத்துக்கொண்டது. இதெல்லாம் எனக்குச் சாப்பாட்டுப் பந்தியில்தான் தெரியவந்தது. அந்த நேரத்தில் நான் பட்டு வேட்டியோடு மணவறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். குருக்கள் மந்திரத்தை இழுப்பது மட்டும் தெரிந்தது. அவர் அப்படி இழுத்தால் பஸ் வரவில்லை என்று அர்த்தம், அந்த இழுவையை அவருக்குப் பழக்கியதே நான். மேளக்காரரும் இன்னொரு பாட்டை ஆரம்பித்தார். காமாட்சி மாலைகளை மறுபடி ஐஸ் பெட்டிக்குள் வைத்து ஈரத்துணி போட்டு மூடினாள். என்னவோ நடக்கிறது என்று என் உடம்பெல்லாம் சொன்னது. யாராவது ஒருவர் என் காதருகே குனிவார் என்று காத்திருந்தேன். யாரும் வரவில்லை.

சேகர் தன் ஹேண்ட்போனில் வீரப்பனைக் கூப்பிட்டிருக்கிறான். வீரப்பன் எண்ணெய் படாமல் இருக்க ஹேண்ட்போனைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இடுப்பில் கட்டியிருந்தான். உடனே வடைச் சட்டியை இறக்கிவிட்டு, காமாட்சியிடம் சொன்னான். காமாட்சி மாலையை மூடிவிட்டு மேளக்காரரிடம் சொன்னாள். மேளக்காரர் குருக்களைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். ஒவ்வொருவரும் அடுத்தவருக்கு மட்டும் சொன்னார்கள். நாலு வாய் மாறியும் சேதி கெடவில்லை. ஒரு ஆளும் பதறி ஓடவில்லை. மாப்பிள்ளைக்குக்கூட விஷயம் தெரியாது. நான் நடுவில் இருந்திருந்தால், சத்தியமாகச் சொல்கிறேன், நாலு பேர் மீது கத்தியிருப்பேன், மண்டபம் முழுக்க பஸ் வரவில்லை என்று தெரிந்திருக்கும். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு உள்ளே நுழையும்போதே அவமானமாக இருந்திருக்கும். அன்று அந்த அம்மா சிரித்துக்கொண்டே நுழைந்தார். அவருக்காகத்தான் எல்லாம் காத்திருந்தது என்பதே அவருக்குத் தெரியாது.

அதற்கு அடுத்து நடந்ததைப் பற்றித்தான் நீ என்னிடம் கேட்டாய். கல்யாண ஆல்பம் வந்ததும் ஒரு படத்தை எடுத்துக்கொண்டு வந்து காட்டினாயே. மாப்பிள்ளை தாலியின் முதல் முடிச்சைப் போடுகிறார். உன் அம்மா அழுகிறாள். நீ அட்சதையை வீசுகிறாய். எல்லோர் கண்ணும் உன் தங்கையின் கழுத்தில். அவளுக்குக் கைநீட்டும் தூரத்தில் நிற்கிற நான் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு எங்கோ பார்க்கிறேன். "எங்கப்பா பாத்துக்கிட்டு இருந்தீங்க?" என்று கேட்டுச் சிரித்தாய். கேமரா வெளிச்சம் கண்ணில் பட்டது என்று சொன்னேன். பொய். நான் சமையல் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீரப்பன் கதவருகே வந்து கையைத் தூக்கினான், பஸ்ஸில் வந்தவர்கள் எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்கள் என்று. அந்தக் கையைக் காமாட்சி பார்த்தாள். காமாட்சியை மேளக்காரர் பார்த்தார். கெட்டிமேளம் முழங்கியது. முழங்கிய பிறகும் என் கண் அந்த வழியிலேயே பின்னோக்கிப் போய், மேளத்திலிருந்து காமாட்சிக்கு, காமாட்சியிலிருந்து வீரப்பனுக்கு என்று போய், அவன் முகத்தில் நின்றுவிட்டது. அவன் அவ்வளவு சந்தோஷமாக இருந்தான். என்னிடம் கேட்டு நடந்த எந்தக் கல்யாணத்திலும் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. நான் திரும்பியபோது மூன்று முடிச்சும் முடிந்து உன் தங்கை நிமிர்ந்திருந்தாள். பக்கத்தில் நின்றுகொண்டே நான் பார்க்கவில்லை.

உன் தங்கைக்கு இது தெரியாது. இன்று படித்துத் தெரிந்துகொள்வாள். மகளே, கோபித்துக்கொள்ளாதே. அப்பாவின் கண் அன்று அப்பாவிடம் இல்லை.

அதற்குப் பிறகும் நான் திருந்தியதாக நினைக்காதே. இரண்டு மாதம் முன்பு கோலா சுங்கை பாருவில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். வீரப்பன் சமையல், சேகர் பஸ், காமாட்சி மாலை. முதல் பந்தியிலேயே என்னை உட்கார வைத்தார்கள். நான் சாதத்தில் கல் தேடினேன், ரசத்தில் உப்புத் தேடினேன், வடையைப் பிட்டு உள்ளே வெந்திருக்கிறதா என்று பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. வீரப்பன் தானே வந்து பாயசம் ஊற்றினான். "எப்படி இருக்கு அண்ணே?" என்று கேட்டான். "இனிப்புக் கொஞ்சம் தூக்கல்" என்றேன். இனிப்புத் தூக்கல் இல்லை. வீரப்பா, படித்துக்கொண்டிருந்தால் தெரிந்துகொள், அளவு சரியாகத்தான் இருந்தது.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவனுக்கு அப்பன் ஏதாவது சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குத் தெரிந்ததும் நீ எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் ஒன்றுதான், அதையே உனக்குத் திருப்பித் தருகிறேன். உன் அம்மாவுக்கும் உனக்கு வரப்போகிறவளுக்கும் நடுவில் நீ போய் உட்காராதே. அம்மா சொன்னதை அவளிடமும் அவள் சொன்னதை அம்மாவிடமும் பக்குவமாக மாற்றிச் சொல்லி நல்ல பேர் வாங்கலாம் என்று தோன்றும். ரொம்ப ருசியான வேலை அது, இரண்டு பக்கமும் உன்னையே தேடும். நீ நடுவில் இருக்கும்வரை அவர்கள் ஒருவரையொருவர் அறியவே மாட்டார்கள். நேராகப் பேசட்டும். சண்டை வந்தால் அவர்கள் கட்டிய முடிச்சை அவர்களே அவிழ்த்துக்கொள்ளட்டும். இப்போதே அந்தப் பெண் வாரம் ஒருமுறை உன் அம்மாவுக்குப் போன் செய்கிறது, உனக்குத் தெரியுமா? இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசிச் சிரிக்கிறார்கள். என்ன என்று கேட்டால் உன் அம்மா, "அது எங்களுக்குள்ள" என்கிறாள். ஒருநாள் நீ ஆபீஸிலிருந்து வரும்போது அவர்கள் சிரிப்பு உன்னைப் பார்த்ததும் நிற்கும். அப்போது உனக்குப் பொறாமையாக இருக்கும். அதை யாரிடமும் சொல்ல முடியாது. என்னிடம் சொல்லலாம், எனக்கு நன்றாகத் தெரிந்த வலி அது.

இன்னொன்று. நீ ரொம்பப் படித்தவன், உன் முறை நல்ல முறை. ஒரு ஆள் படுத்தால் கல்யாணம் படுக்காது, அதை என் கண்ணால் பார்த்துவிட்டேன், இனி அதில் வாதாட மாட்டேன். ஆனால் எடுத்துவிட்ட அந்த நடு ஆளை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று உன் கம்பெனியில் யாராவது யோசித்தார்களா? கம்ப்யூட்டர் என்றால் சுவிட்சை அணைத்துவிடலாம். நான் காலையில் எழுந்து பல் விளக்கி, போன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருகிறேன். அது அடித்தால் அநேகமாக உன் அம்மாவுக்குத்தான்.

அதனால் உன் கல்யாணத்தில் எனக்கு ஒரு வேலை கொடு என்று கேட்கத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். பஸ் வந்ததைக் காமாட்சிக்குச் சொல்லும் வேலையாவது கொடு என்று கேட்கலாம் என்றிருந்தேன். எழுதிக்கொண்டு வரும்போது அது வேண்டாம் என்று தோன்றிவிட்டது. கொடுத்தால் மறுபடியும் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். கொடுக்காவிட்டாலும் அங்கேதான் பார்ப்பேன், அது வேறு விஷயம். என்னை எனக்குத் தெரியும். வீரப்பன் கதவருகே வந்து நின்றால் போதும், என் கழுத்து தானாகத் திரும்பிவிடும்.

ஒன்றே ஒன்று செய். குருக்கள் தாலியை உன் கையில் கொடுப்பார். கெட்டிமேளம் காதைப் பிளக்கும், எல்லோரும் உன்னை அவசரப்படுத்துவார்கள். நீ அவசரப்படாதே. தாலியைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, "அப்பா" என்று ஒருமுறை கூப்பிடு. உன் அம்மாவைக் கூப்பிடச் சொல்லாதே, உன் தங்கையிடமும் சொல்லாதே. நீயே கூப்பிடு. நான் திரும்பிப் பார்த்த பிறகு கட்டு.

உன் அப்பா